நாலாவது விலை

இராசரத்தினத்தின் சாறிக்கடையில் எந்தத் துணிக்கும் ஒரே விலை இருந்ததில்லை. வெள்ளவத்தையில், காலி வீதியில், அது ஒரு குற்றமும் இல்லை. வாடிக்கையாளர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காலைப் பார்ப்பார், கழுத்தைப் பார்ப்பார், கூட வந்தவரின் முகத்தைப் பார்ப்பார், பிறகு ஒரு விலையைச் சொல்வார். கனடாவிலிருந்து கலியாணத்துக்கு வந்தவர்களுக்கு ஒன்று. வங்கியில் வேலை செய்யும் பிள்ளைக்கு ஒன்று. சுங்க அதிகாரியின் மனைவிக்கு, அவள் வாய் திறக்கும் முன்னரே இறக்கி வைத்த இன்னொன்று. விலை என்பது சாமானில் இல்லை, வாங்க வருகிற ஆளில் இருக்கிறது என்பது அவருடைய வேதம். அந்த வேதம் அவருக்கு ஒரு கடையும் வாடகைக்கு ஒரு பிளட் வீடும் இரண்டு மகள்மாருக்கு லண்டன் மாப்பிள்ளைகளும் தந்திருந்தது. தன் மருமகனின் காலுக்கும் அதையே பாவிக்கப் போனதுதான் வினையாகிவிட்டது.

மருமகன் சிவபாலன் அவருடைய அக்காவின் மகன். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சமாதான காலத்தில் பாதை திறந்ததும் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி வந்தவன், மாமாவின் கடையில் சாறி மடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். பிறகு சமாதானம் ஒவ்வொரு நூலாகப் பிரியத் தொடங்கியது. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெடியனுக்கு இரண்டு கால் இருந்தாலே ஆயிரம் கேள்வி. ஒரு கால் இல்லாதவனுக்கு ஒரேயொரு கேள்விதான்: அதை எங்கே விட்டாய்?

அந்தக் கேள்விக்கு மாமா ஆளுக்கேற்றபடி விடை வைத்திருந்தார்.

வீட்டாட்களைப் பதியப் போனபோது பொலிசுக்குச் சொன்னது ரயில். வெள்ளவத்தையில் தண்டவாளம் கடலோரத்தில் கிடக்கிறது, மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் விழுவதும் புதினமில்லை, ஆகவே யாரும் இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள். பிளட்டின் சொந்தக்காரி மரியகொறற்றி கொட்டாஞ்சேனையில் இருந்தார், பக்தியான மனுசி. அவருக்குச் சொன்னது எலும்புப் புற்றுநோய். மரியகொறற்றி அந்த மாதமே அவனுக்காக ஒன்பது நாள் செபம் வைத்தார், வாடகையைக் கூட்டும் பேச்சையும் எடுக்கவில்லை. சிவபாலனை ஏற்றி இறக்கும் திறீவீலர்காரன் புவாத்துக்குச் சொன்னது பாம்பு. அது எதற்காக என்று மாமாவுக்கே தெரியாது. கை பழகிப்போய்விட்டது.

புவாத் மாளிகாவத்தை ஆள். கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டுதான் ஓட்டுவான்.

"மச்சான், ஒங்கட மாமா பாம்பு கடிச்சண்டு செல்றாரு. பாம்பு கடிச்சா வீங்கும், நீலமாகும், ஆள் மௌத்தாகும். இப்பிடி வெட்டிக்கிட்டுப் போற பாம்ப நான் கண்டில்ல."

"பெரிய பாம்பு" என்றான் சிவபாலன்.

"சரி சரி. பெரிய பாம்பு." புவாத் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்காமல் விடுவதற்கும் கொழும்பில் அப்போது ஒரு மரியாதை இருந்தது.

உண்மை மிகச் சின்னது. தென்மராட்சியில் சண்டை நடந்து சனமெல்லாம் இடம்பெயர்ந்து, பிறகு போகலாம் என்று விட்ட காலத்தில், சிவபாலன் கைதடியில் இருந்த தங்கள் வீட்டைப் பார்க்கப் போனான். கூரை இல்லை, கதவு இல்லை, கிணறு இருந்தது. வாளி இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க நான்கு எட்டு வைத்தான். கிணற்றடியில் யாரோ மிதிவெடி வைத்திருந்தார்கள். யார் என்று வெடி சொல்லவில்லை. அவனைத் தூக்கி வந்தவர்கள், ஆஸ்பத்திரியில் வெட்டிய டொக்டர், பொய்க்கால் செய்து கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்த கதை. மறைக்க அதில் ஒன்றுமே இல்லை. மாமாவின் கடையில் இருந்த ஒரே கலப்படமில்லாத சரக்கு அதுதான். அவர் அதை மேசைக்கடியில் வைத்துப் பூட்டினார்.

"மிதிவெடி எண்டு ஒருக்காச் சொன்னியெண்டால்" என்றார் மாமா, "எங்க, எப்ப, ஏன் அங்க போனனீ, ஆரோட போனனீ எண்டு பின்னால பத்துக் கேள்வி வரும். ரயிலுக்குப் பின்னால ஒண்டும் வராது. ரயில் போனால் போனதுதான்."

சிவபாலனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் சாப்பாடும் படுக்கையும் மாமாவுடையது. ஆகவே கதையும் மாமாவுடையதாக இருந்தது.

நீச்சல் மட்டும் அவனுடையது.

களுபோவில ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் மிஸ் ஒருத்திதான் அதைக் காட்டிவிட்டாள். அங்கவீனர்களுக்கென ஒரு விளையாட்டுச் சங்கம், சனிக்கிழமைகளில் ஒரு நீச்சல் தடாகத்தை வாடகைக்கு எடுக்கிறது, போய்ப் பார் என்றாள். முதல் நாள் புவாத் அவனை வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மச்சான் இது முழுக்க ஆமிக்காரர் என்று மெதுவாகச் சொன்னான்.

உண்மைதான். கால் போன ஆமிக்காரர், கை போன ஆமிக்காரர், ஒரு கண் போன நேவிக்காரர் ஒருவர். தடாகத்தின் ஒரு பக்கச் சுவரில் பொய்க்கால்கள் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன, கோயில் வாசலில் செருப்பு வைப்பதைப் போல. சிலதில் சப்பாத்தும் கால்மேசும் போட்டபடியே இருந்தன. சிவபாலன் திரும்பிப் போகலாமா என்று நின்றான். அதற்குள் தண்ணீரின் மணம் மூக்கில் ஏறிவிட்டது. கீரிமலைக் கேணியில் குதித்து வளர்ந்தவனுக்கு அது போதும். தன் காலையும் கழற்றி, வரிசையின் கடைசியில் சாத்தினான்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வருகிறவனிடம் பெயரைக் கேட்பதற்கு முன் "கொஹேத கியே?" என்று கேட்பார்கள். எங்கே போனது என்று அர்த்தம். யார் பெயரைக் கூப்பிட்டாலும் பதவியோடு அந்த இடத்தையும் சேர்த்தே கூப்பிடுவார்கள். கோப்ரல் பந்துல, பூநகரி. சாஜன் குணதாச, முகமாலை. போட்டி நாளில் ஒலிபெருக்கியிலும் அப்படித்தான். இடத்தின் பெயர் கேட்டதும் எல்லோரும் கைதட்டுவார்கள். பதக்கம் நீந்தி முடிந்த பிறகுதான், இடத்துக்கான கைதட்டல் முதலிலேயே.

எங்கே போனது என்று கேட்டவன் கோப்ரல் பந்துலதான். கரிய, அகன்ற தோள். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"வெள்ளவத்தையில்" என்று சிவபாலன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னான். "ரயிலில்."

தடாகம் முழுக்கச் சிரித்தது. நாங்கள் சண்டையைத் தேடிப் போய்க் காலைக் கொடுத்தோம், மல்லிக்கு, இந்தத் தம்பிக்கு, வீட்டு வாசலுக்கே ரயில் வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது என்றார் சாஜன் குணதாச. அன்றிலிருந்து அவன் பெயர் "சிவபாலன், வெள்ளவத்தை ரயில்". பந்துலவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சிவபாலனின் மற்றக் காலை, இருக்கிற காலை, கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தண்ணீரில் குதித்தான்.

வீதியில் சிவபாலன் நடந்தால் நாலு பேர் திரும்புவார்கள். பொய்க்கால் தார் ரோட்டில் டக், டக் என்று ஒரு சத்தம் போடும். செக்பொயின்றில் நிற்கிறவன் ஆளைப் பார்க்கு முன்னரே சத்தத்தைக் கேட்டு நிமிர்வான். தண்ணீருக்குள் அந்தச் சத்தம் இல்லை. ஒற்றைக் காலால் உதைத்தால் உடம்பு ஒரு பக்கம் இழுக்கும். அந்த இழுவையை இடது கையால் திருத்த ஒரு மாதம் எடுத்தது. பிறகு அவன் நேராகப் போனான். பிறகு வேகமாகப் போனான். ஒரு சனிக்கிழமை பந்துலவை முந்திக்கொண்டு போய்ச் சுவரைத் தொட்டான். பந்துல மூச்சு வாங்கியபடி அவனைப் பார்த்து, தன் நீச்சல் கண்ணாடியைக் கழற்றி அவனிடம் கொடுத்தான். உன்னுடையது தண்ணீர் விடுகிறது, இதை வைத்துக்கொள் என்றான்.

வீட்டில் இதைச் சொன்னபோது மாமி நேசமலர் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"ஆமிக்காரனிட்டச் சாமான் வாங்கினனியோ?"

"நீந்திற கண்ணாடி, மாமி."

"கண்ணாடியோ என்னவோ. அவங்கள் சும்மா தாறதுக்குத்தான் நான் இன்னும் கூடப் பயப்பிடுறனான்."

மாமாவும் முதலில் மாமியின் பக்கம்தான். சிங்கக் குகையில் போய்க் குளிக்கிற ஆட்டைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். ஆனால் வருடக் கடைசியில் மலேசியாவில் ஒரு போட்டி, இங்கே முதலாவதாக வருகிறவனை அனுப்புவார்கள் என்று சிவபாலன் சொன்னதும் அவருடைய முகம் மாறியது. நல்ல பட்டு கையில் பட்டால் மாறுவது போல மாறியது.

"பாஸ்போட், விசா, ரிக்கற் எல்லாம் ஆர்?"

"சங்கம்தான் மாமா."

"அரசாங்க ஆளோட ஆளா, எயார்போட்டில ஒரு கேள்வியும் இல்லாமல்?"

"ஓம்."

மாமா கதிரையில் சாய்ந்தார். கோலாலம்பூரில் அவருக்குச் சாறி அனுப்புகிற ஒருவர் இருந்தார். அங்கே இறங்கிய பிறகு மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். அந்த வாரம் மட்டும் வெள்ளவத்தை லொட்ஜுகளில் இருந்த எத்தனையோ தமிழரைப் பொலிசார் விடியப்புறம் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். பக்கத்து ஒழுங்கையில் ஒரு பெடியன் பாண் வாங்கப் போனவன், பாணும் வரவில்லை அவனும் வரவில்லை. ஒரு வெள்ளை வான் வண்டி ஒழுங்கை முனையில் நின்றதாக மட்டும் சொன்னார்கள். இந்த ஊரிலிருந்து ஒரு தமிழ்ப் பெடியன் வெளியே போவதற்கு ஏஜென்சிக்காரர் கேட்கிற தொகையும் மாமாவுக்குத் தெரியும். இப்போது அந்த வழி தண்ணீருக்குள்ளால் திறக்கிறது. நீந்து என்றார்.

திரும்பி வரவேண்டும் என்றுதான் சிவபாலன் நினைத்திருந்தான். போய், நீந்தி, திரும்பி வந்து அடுத்த சனிக்கிழமை மறுபடி நீந்த. அதை மாமாவிடம் சொல்லவில்லை.

இங்கே நடக்கிற போட்டிக்கு முந்தின வாரம் கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் உயரம், நீலச் சேட்டு போட்டிருந்தான். மற்றவன் கட்டை, கக்கத்தில் ஒரு தோல் பை. உயரமானவன் சிங்களத்தில் ஒரு சாறி கேட்டான். மாமா எடுத்துப் போட்டார். முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் ஏற்றியே விலையைச் சொன்னார், எப்படியும் இறக்குவார்கள் என்ற கணக்கில். அவன் காசை எடுத்து வைத்தான். ஒரு ரூபாயும் குறைத்துக் கேட்கவில்லை.

மாமா அந்தக் காசை இரண்டு தரம் எண்ணினார். தன்னுடைய கடையில் பேரம் பேசாத மனிதனை அவர் கண்டதில்லை. பேரம் பேசாதவன் துணி வாங்க வந்தவனல்ல.

உயரமானவன் சாறிப் பொதியை வாங்கிக்கொண்டு, சும்மா கேட்பது போல, உள்ளே மடித்துக்கொண்டிருக்கிற பெடியனின் கால் எப்படிப் போனது என்று கேட்டான்.

மாமா அவன் முகத்தைப் பார்த்தார், நீலச் சேட்டைப் பார்த்தார், வாசலில் நின்ற அவர்களுடைய மோட்டர் சைக்கிளைப் பார்த்தார். வாய் தன் பாட்டில் ஆளுக்கேற்ற விடையை எடுத்துக் கொடுத்தது. மோட்டர் சைக்கிள் அக்சிடன்ற் என்றார். தெஹிவளைப் பாலத்தடியில் என்று இடத்தையும் சேர்த்தார். அவசரத்தில் போடுகிற கொசுறு.

உயரமானவன் தலையாட்டினான். கட்டையானவன் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கைக்குட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான், ஒவ்வொன்றாக. போகும்போது வாசலில் தன் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, சிவபாலனின் காலை ஒருமுறை பார்த்தான்.

இரவுச் சாப்பாட்டில் மாமா அதைச் சொன்னபோது மாமி நிமிர்ந்தார்.

"இஞ்சாருங்கோ, பொலிசுக்கு நீங்கள் ரயில் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

மாமா பிட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்தது பிறகு வாய்க்குப் போகவில்லை. இருபது வருடக் கடையில் ஒரே ஆளுக்கு இரண்டு விலை சொல்லி அவர் பிடிபட்டதில்லை. பொலிசும் இவர்களும் வேறு வேறு ஆட்கள் என்று சொல்லிப் பார்த்தார். மாமி கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தார். சிவபாலன்தான் கடைசியில் சொன்னான்:

"அவையெல்லாரும் ஒரே கடைக்குத்தானே மாமா சாமான் வாங்கினம்."

அடுத்த நாள் மரியகொறற்றி கொட்டாஞ்சேனையிலிருந்து தொலைபேசியில் கதைத்தார். யாரோ இரண்டு பேர் வந்து பிளட்டைப் பற்றி விசாரித்தார்களாம். நல்ல மரியாதையான ஆட்களாம். அந்தப் பிள்ளையின் புற்றுநோயைப் பற்றிச் சொன்னபோது இருவரும் மிகவும் கவலைப்பட்டார்களாம். கட்டையானவர் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரியும் கொளுத்தினாராம்.

பாம்பு மட்டும்தான் அவர்களுக்கு எட்டவில்லை. புவாத்தைக் கேட்டிருந்தால் அதையும் வாங்கியிருப்பார்கள்.

போகாதே என்றார் மாமி. வீட்டுக்குள் இரு, சன்னலைத் திறவாதே, கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள். மாமாவுக்கு வேறு கணக்கு. மறக்கிற ஆட்கள் மெழுகுதிரி கொளுத்தமாட்டார்கள். இருந்தாலும் பிடிப்பார்கள், ஓடினாலும் பிடிப்பார்கள், வென்றால் மட்டும் அரசாங்கமே கூட்டிக்கொண்டு போய் விமானத்தில் ஏற்றும். கொடி போட்ட பெனியன் போட்டவனை யார் தொடுவான்? இருவரும் சிவபாலனைப் பார்த்தார்கள். அவன் பந்துல தந்த கண்ணாடியைச் சாரத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தான். போகிறேன் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை புவாத் வந்தான். வழமையான பாட்டைப் போடவில்லை. பம்பலப்பிட்டி தாண்டியதும் கண்ணாடியில் பார்த்து, பின்னால ஒரு மோட்டர் சைக்கிள் வெள்ளவத்தையிலிருந்தே வருகிறது என்றான். மாமா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்ப்பது விலையை ஏற்றும் என்பது போல் நேராகவே இருந்தார்.

தடாகத்தின் படிக்கட்டு ஆசனங்களில் ஆமிக்காரரின் மனைவிமார், பிள்ளைகள், குடை, பிளாஸ்டிக் போத்தல்கள். சிவபாலன் சுவரோரம் இருந்து காலைக் கழற்றி, வழமையான இடத்தில் சாத்தினான். பந்துல பக்கத்தில் வந்து இருந்தான். இருவருக்கும் ஒரே நீச்சல், நூறு மீற்றர். முந்துகிறவன் மலேசியா போவான், மற்றவன் கைதட்டுவான்.

பந்துல தன் இருக்கிற காலை நீட்டினான். முழங்காலுக்குக் கீழே தோலுக்குள் நீலமும் கறுப்புமாகப் புள்ளிகள், யாரோ பேனை மையைத் தெளித்தது போல. பிறகு சிவபாலனின் இருக்கிற காலைக் கண்ணால் காட்டினான். அதே புள்ளிகள்.

"ரயில் மற்றக் காலுக்குள் மண்ணைப் புதைக்காது, மல்லி" என்றான் சிங்களத்தில், மிகவும் மெதுவாக. "முதல் நாளே கண்டனான்."

சிவபாலன் அந்தக் காலை மடக்கிக்கொண்டான். பந்துல நினைத்திருந்தால் ஒரு வார்த்தையில் அவனைத் தடாகத்திலிருந்தே அகற்றியிருக்கலாம். அகற்றினால் மலேசியா பந்துலவுக்கு. இத்தனை மாதமும் அவன் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"எந்த ஊர்?" என்றான் பந்துல.

"கைதடி. எங்கட வீட்டுக் கிணத்தடி."

"வைச்சது நாங்களா, அவங்களா?"

"தெரியாது அய்யே" என்றான் சிவபாலன், அண்ணா என்பதைச் சிங்களத்தில்.

பந்துல தலையாட்டினான். அங்கே ஒரு மாதம் நான் இருந்திருக்கிறேன் என்றான். ஒலிபெருக்கியில் சாஜன் குணதாச பெயர்களைக் கூப்பிடத் தொடங்கியிருந்தார். கோப்ரல் பந்துல, பூநகரி. கைதட்டல். சிவபாலன், வெள்ளவத்தை ரயில். சிரிப்பும் கைதட்டலும்.

சிரித்த முகங்களுக்கிடையில் சிரிக்காத இரண்டு முகங்களைச் சிவபாலன் கண்டான். மேல் வரிசையில் நீலச் சேட்டு. பக்கத்தில் தோல் பை. இரண்டு படி கீழே, அவர்கள் இருப்பது தெரியாமல், மாமா வாயை அசைத்துப் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

விசில் ஊதியது. தண்ணீர் அவனை எடுத்துக்கொண்டது.

உள்ளே எல்லாம் வழமை போலவே இருந்தது. நீலத் தரை, கறுப்புக் கோடு, இடது கையின் திருத்தம். பக்கத்தில் பந்துலவின் நுரை. முதல் சுவரில் இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். திரும்பி வரும்போது சிவபாலன் யாருக்காக நீந்துகிறான் என்று யோசிக்கவில்லை. மலேசியா நினைவில் வரவில்லை, மாமா வரவில்லை. இந்தக் கோடு முடியாமல் இருந்தால் நல்லது என்று மட்டும் ஒருமுறை தோன்றியது. ஆனால் அவன் வேகமாகப் போனான், ஆகவே அது சீக்கிரமே முடிந்தது. கை சுவரில் பட்டது. தலையைத் தூக்கினான். பந்துல இன்னும் ஒரு கை தூரத்தில் வந்துகொண்டிருந்தான்.

சனம் கத்தியது. சிவபாலன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வழமை போலச் சுவரோர வரிசையைப் பார்த்தான். கடைசியில் அவன் கால் இல்லை.

அது கட்டையானவனின் கையில் இருந்தது. அவன் தடாகத்தின் கரையில் குந்தியிருந்து, காலைத் தலைகீழாகத் திருப்பி, உள்ளே செய்த இடத்தின் முத்திரையை வாசித்துக்கொண்டிருந்தான். யாழ்ப்பாணம் என்று அதில் போட்டிருந்தது. நீலச் சேட்டு பின்னால் நின்றான்.

"நல்லா நீந்துறாய் தம்பி" என்றான் கட்டையானவன்.

கடையிலே வாய் திறக்காதவன். அவனுடைய தமிழ் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். மாமியின் தமிழ், அம்மாவின் தமிழ். சிவபாலனுக்குத் தண்ணீர் முதன்முறையாகக் குளிர்ந்தது.

"கால் எங்க போனது?"

சிவபாலன் இரண்டு கையாலும் கரையைப் பிடித்தான். இனிச் சொல்வதற்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைச் சொன்னான். கைதடி, சொந்த வீடு, கிணற்றடி, மிதிவெடி. வெட்டிய ஆஸ்பத்திரி, தூக்கி வந்த அயலவரின் பெயர். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கட்டையானவன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். அதற்குள் மாமா படிகளில் தடுமாறி இறங்கி வந்திருந்தார். செருப்பில் ஒன்று மேலேயே கழன்றுவிட்டது. "ஓம் அய்யா, அதுதான் அய்யா உண்மை, மிதிவெடிதான்" என்றார். தன் வாழ்நாளில் முதன்முதலாக ஒரு பொருளுக்குச் சரியான விலையைச் சொல்பவரின் நடுக்கம் அந்தக் குரலில் இருந்தது.

"அய்யா" என்றான் கட்டையானவன், மிகவும் பணிவாக. "பொலிசில ரயில் எண்டனீங்கள். எங்களுக்கு மோட்டர் சைக்கிள் எண்டனீங்கள். கொட்டாஞ்சேனை அம்மா கான்சர் எண்டு சொன்னவ, நான் அழுதிட்டன். இப்ப இது நாலாவது." அவன் காலை மெதுவாகத் தட்டினான், தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல. "வேறென்ன வைச்சிருக்கிறியள்?"

அந்தக் கேள்வி மாமாவுக்குத் தெரியும். வாழ்நாள் முழுவதும் அதைக் கேட்டிருக்கிறார். நாலு சாறியைத் தள்ளி வைத்துவிட்டு வாடிக்கையாளர் கேட்பது. அதற்கு அவரிடம் எப்போதும் ஐந்தாவதாக ஒன்று இருந்திருக்கிறது. இன்று மேசைக்கடியில் ஒன்றுமில்லை. உள்ளதிலேயே நல்லதைக் கடைசியில் எடுத்துக் காட்டினால், நாலாவது விலையை யாரும் நம்பமாட்டார்கள். அதை அவரே எத்தனை புதுக் கடைக்காரருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

பக்கத்துக் கரையில் பந்துல தண்ணீரிலிருந்து ஏறியிருந்தான். தன் காலை மாட்டாமல், ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளிச் சாஜன் குணதாசவின் மேசைக்குப் போனான். அவருடைய கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினான்.

"முதலாமிடம்" என்றான். ஒலிபெருக்கி கீச்சிட்டது. "சிவபாலன். கைதடி."

முன் வரிசையில் ஒரு கை போன ஒருவர் தொடையில் தட்டத் தொடங்கினார். பிறகு மற்றவர்கள். ரயிலுக்கு விழுந்த கைதட்டல் இது அல்ல. பூநகரிக்கும் முகமாலைக்கும் விழுகிற கைதட்டல் இது. ஒரு தமிழனுக்கு அந்தச் சுவர்களுக்குள் அது விழுவது முதல் தடவையாக இருக்கவேண்டும். பந்துல ஒலிவாங்கியை வைத்துவிட்டு இந்தப் பக்கம் பார்த்தான். அவனால் செய்யக்கூடிய மரியாதை அதுதான். அவன் அதைச் செய்துவிட்டான்.

கட்டையானவன் பொய்க்காலை மடியில் வைத்துவிட்டுத் தானும் கைதட்டினான். நன்றாகவே தட்டினான்.

கைதட்டல் அடங்கியது. நீலச் சேட்டு எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்து வந்து கரையோரம் போட்டான். கட்டையானவன் அதில் சாய்ந்து இருந்து, காலைத் தன் இரண்டு முழங்கால்களுக்கும் குறுக்கே வைத்தான். ஏறி வா என்று சொல்லவில்லை. நேரத்தைப் பார்க்கவில்லை. அவசரமில்லாத வாடிக்கையாளர் ஒருவர், கடை பூட்டும்வரை இருக்கலாம் என்று வந்தவர் போல இருந்தான். வாசல் பக்கம் ஒரு வான் வண்டி பின்னுக்கு வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அதன் கதவு இழுபட்டுத் திறந்தது, மூடவில்லை. புவாத்தின் திறீவீலர் நின்ற இடத்தில் இப்போது அந்த வெள்ளை வான்தான் நின்றது.

"பாலன்" என்றார் மாமா.

சிவபாலன் கரையிலிருந்து கையை எடுத்தான். பந்துல தந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினான். பிறகு திரும்பி, யாரும் அவசரப்படுத்தாத அந்தத் தண்ணீரில், இடது கையால் திருத்தித் திருத்தி, கறுப்புக் கோட்டின் மேல் நேராக, மற்றச் சுவரை நோக்கி நீந்தத் தொடங்கினான்.